நூற்றுப் பதினெட்டு சிசி

சித்தையா ரோடு மரக்கடையில்
எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள்.
கிலோ நாற்பது என்றார்.
தராசில் பதினான்கு கிலோ.
அதில் அரைக் கிலோ மரத்தூளும் பழைய ஆயிலும்
இறுகிப்போன கறுப்பு அல்வா என்று வாதாடி
ஐந்நூற்று நாற்பதுக்கு முடித்தேன்.

ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.
"தண்ணி மோட்டாரா மேடம்?"
"ரம்பம்."
லிங்கராஜபுரம் வரை ஓட்டுநர்
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பகலில் நான் பல் செட் செய்கிறவள்.
மெழுகில் ஈறு, அக்ரிலிக்கில் கடைவாய்.
யார் வாய் என்று தெரியாது,
டப்பா மேல் எண் மட்டும்.
இரவில் அதே கொக்கியால்
கார்புரேட்டரின் ஊசித்துளையைக் குடைந்தேன்.
சைலன்சருக்குள் குளவிக்கூடு, நான்கு அறை.
ஒன்றில் ஒரு சிலந்தி
இன்னும் கால் மடக்கிப் படுத்திருந்தது.

பிஸ்டனை வெளியே எடுத்த அன்று சாப்பிடவில்லை.
ஒரு பக்கம் முழுக்க நெடுக்குக் கீறல்.
எவனோ ஆயில் கலக்காமல் பெட்ரோல் ஊற்றியிருக்கிறான்,
எழுபத்தொன்பதிலோ எண்பதிலோ,
என்ன அவசரமோ.
இரண்டு வாரம் அவனைத் திட்டினேன்.
பிறகு ஃப்ளைவீலைக் கழற்றினால்
சாவி இருக்க வேண்டிய பள்ளத்தில்
சைக்கிள் காட்டர் பின்னை ராவிச் செய்த துண்டு,
மயிரிழை பிசகாமல்.
அதுவும் அவன் கைதான் போல.
பாதித் திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சிலிண்டரில் அப்பிய அலுமினியத்தை
கக்கூஸ் ஆசிட்டில் காதுக்குச்சி தொட்டுத் தொட்டு எடுத்தேன்.
எஸ்.ஜே.பி. ரோடு ஜபருல்லா
ஏதோ பைக்கின் ரிங்கைக் கடைந்து கொடுத்தார்.
எதுக்கு என்று கேட்காத ஒரே மனிதர்.
எப்ப வேணும் என்று மட்டும் கேட்டார்.

கேஸ்கெட்டுக்கு
சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகை.
தடித்த அட்டை, தங்க ஓரம்.
கல்யாணம் எட்டு மாதம் தாங்கியது.
கேஸ்கெட் இன்னும் ஒழுகவில்லை.

கம்ப்ரெஷன் பார்க்க மீட்டர் வேண்டாம்.
இழுகயிற்றைப் பிடித்து
மெஷினை அந்தரத்தில் தூக்க வேண்டும்.
சர்ரென்று இறங்கினால் செத்தது.
ஓர் அங்குலம் இறங்கி, நின்று, யோசித்து,
இன்னோர் அங்குலம் இறங்கினால் உயிர் இருக்கிறது.
பிப்ரவரியில் ஓர் இரவு
அது யோசித்தது.

முதல் தடவை கிளம்பியபோது
முதலில் தெருநாய்கள்,
அடுத்து கீழ்வீட்டு மல்லேஷப்பா.
இன்னொரு தடவை கேட்டால் போலீஸ் என்று
கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னார்.

மே மாதம், ஆலங்கட்டியோடு வந்த மழையில்
மூன்றாவது கிராஸ் தூங்குமூஞ்சி மரம்
தனசிங்கின் ஆட்டோமேல் சாய்ந்தது.
உள்ளே ஆளில்லை.
மாநகராட்சிப் பையன்கள் கொண்டுவந்த ரம்பம்
கிளைகளோடு சரி.
அடிமரத்தில் பாதிகூட நுழையவில்லை.
மல்லேஷப்பாதான் மேலே பார்த்துக் கத்தினார்:
"அந்தச் சனியனை இறக்கும்மா."

நாலாவது இழுப்பு.
மூன்றடி பட்டை, ஈர மரம்.
கட்டைவிரல் ஆயில் பம்பை விடவே கூடாது.
ஊறவைத்த அவல் மாதிரி
முழங்காலில் வந்து கொட்டியது மரம்.
முக்கால் தூரம் போனேன்.
பிறகு ஒரு பொறி, ஒரு கிறீச்.

ஆணி.
"வீடு வாடகைக்கு" என்று
எவரோ என்றைக்கோ பலகை அடித்த ஆணி.
மரம் அதன்மேல் ஒரு சாண் வளர்ந்து மூடி
யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

மீதிக் காலைப் பையன்கள் கோடரியால் முடித்தார்கள்.
தனசிங் முதல் வேலையாக
மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார்.
ஓடியது.

இரவு பதினொன்று. மாடி.
செயினில் ஐம்பத்திரண்டு பல்.
பத்தொன்பது மொண்ணை, மூன்று போயே போச்சு.
மனித வாய் என்றால்
முழு செட்டுக்கும் இருபத்தெட்டுதான்;
ஞானப்பல்லை யாரும் கேட்பதில்லை.
உருண்டை அரம், முப்பது டிகிரி,
பல்லுக்கு ஏழு இழுப்பு, உள்ளிருந்து வெளியே.
கீழே மல்லேஷப்பாவின் ஜன்னல் திறக்கிறது.
ஒன்றும் சொல்லவில்லை.
மூடவும் இல்லை.

பதினான்காவது பல்லில் இருக்கிறேன்.