அரைப் பேர்

நரகம் என்றால் நெருப்பு என்று
மறைக்கல்வியில் சொன்னபோது
நாங்கள் யாரும் பயப்படவில்லை.
ஆடி மழை, மஸ்கெலியா.
அட்டை கடித்த கால்களை
ஒன்றோடொன்று உரசிக்கொண்டே
யாக்கோப்பு கேட்டான்:
"அங்க வெறகு யாரு குடுக்குறா சிஸ்டர்?"
முட்டியில் அடி வாங்கினான்.
சிரித்தோம்.

பிறகு மேக்கணக்கில்
தராசு என் கைக்கு வந்தது.
ஈரத்துக்கு ரெண்டு கிலோ.
சாக்குக்கு ஒன்று.
வெயில் காய்ந்த மாசியிலும்
ஈரத்துக்கு ரெண்டு.

பதினெட்டு வந்தால் முழுப் பேர்.
பதினேழே முக்கால் என்றாலும்
அரைப் பேர்தான்.
பேனா என்னுடையது.
கழித்தது காற்றோடு போகவில்லை.
என் லூர்துமேரியின் பெயருக்கு நேரே
கைக்காசுக் கிலோவாய் ஏறியது.
அந்தக் காசில்தான்
ஹட்டனிலிருந்து கொண்டுவந்தோம்
கண்ணாடிப் பெட்டிக்குள் மாதாவை.
பஸ்ஸில் மடியில் வைத்து
வளைவுக்கு வளைவு
உடைந்துவிடாமல் பிடித்துக்கொண்டு.

வேலை விட்ட வருடம், தவக்காலத்தில்
பாதர் யூஜின் மோட்டார் சைக்கிளில் வந்தார்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
முழந்தாளில் நின்று சொன்னேன்:
கிலோ, பேனா, லூர்து, மாதா.
மாதா என்றபோது மட்டும் இருமினார்.
"எடுத்தத திருப்பிக் குடு.
யாருக்குன்னு ஞாபகம் இருக்கா?"
இருந்தது.
பாதியாக்கிய பேர் ஒன்றுகூட
மறந்திருக்கவில்லை.
பத்து அருள்நிறை மந்திரம்.
கை உயர்த்தி மன்னித்தார்.

வெளியே வந்து கடிகாரம் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடத்துக்கு
ஏழு நிமிடம்.
மேலே உள்ள தராசில்
சாக்குக்குக்கூடக் கழிக்க மாட்டார்கள் போலும்.

சேமலாபக் காசைப் பதினொரு கவரில் பிரித்தேன்.
பத்து வீட்டில் வாங்கிக்கொண்டார்கள்.
ஒருத்தி சிரித்தாள்.
ஒருத்தி கவரை வாங்கிவிட்டுத் துப்பினாள்.

பதினொன்றாவது செவனம்மா.
அவளுக்கு முனியாண்டி சாமி,
பாவசங்கீர்த்தனம் கிடையாது.
கொழுந்துக் கறை ஏறிய விரலால்
தாள்களை எண்ணினாள், இரண்டு தரம்.
பிறகு கேட்டாள்:
"சின்னவளுக்குக் காய்ச்சல் முத்துன அன்னைக்கு
கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போக
வேன் காசு பத்தாம நின்னேனே.
அன்னைக்கும் எழுதுனியா?"

பொய்க்குத்தான் நாக்கு முதலில் எழுந்தது.
"அரை" என்றேன்.

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.
"மத்த நாளெல்லாம் விட்டேன்.
அத விடமாட்டேன்.
அது என்னுது இல்ல, அவளுது."
ஒரு தாளை மட்டும் உருவி
என் சட்டைப்பையில் திரும்பச் செருகினாள்.
கதவைச் சாத்தவில்லை.
உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அன்றிரவு ரெண்டு கம்பளிக்குள்ளும் குளிர்ந்தது.
யாக்கோப்பு, நீ இருந்தால் கேட்பேன்:
விறகே இல்லாத இடமாகவும்
இருக்குமோடா அது?

உயிர்ப்பு ஞாயிறு. கோயில் கொள்ளாத கூட்டம்.
காணிக்கைத் தட்டு வந்தபோது
அந்தத் தாளைப் போட்டிருக்கலாம்.
கை போகவில்லை.
அப்பம் போதாமல்
பாதர் உடைத்து உடைத்துக் கொடுத்தார்.
என் முறைக்குப் பாதி.
"கிறிஸ்துவின் உடல்."
எடை பார்த்தே பழகியவன்,
நாக்கிலும் நிறுத்துப் பார்த்தேன்.

பாதியிலும் அவர் முழுசாய் இருக்கிறார் என்று
அதே சிஸ்டர்தான் சொல்லித்தந்தது.
இருக்கிறார்.
செக்ரோலில் அப்படியில்லை.
அதில் அரை என்றால் அரை:
வேன் வராத ஒரு ராத்திரி.

ஆமென் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.
மலையில் கொழுந்து எடுக்க ஆளில்லை.
வெயில் சுள்ளென்று காய்ந்தது.
ஈரத்துக்கு ஒன்றும்
கழிக்க முடியாத நாள்.