பத்துக்கு ஏழு

அக்டோபர் பன்னிரண்டில் உலான்பாத்தரிலிருந்து வரைபடம் வந்தது.
எங்கள் வட்டாரம் முழுக்கச் சிவப்பு.
கோடையில் மழை பொய்த்தது, புல் கணுக்காலைத் தாண்டவில்லை,
செம்மறிகளின் முதுகைத் தடவினால் எலும்பு எண்ணலாம்.
இதன்மேல் எவ்வளவு பனி விழுமென்று
யாரோ இரவெல்லாம் கணினியை உறங்கவிடாமல் கேட்டிருக்கிறார்கள்.
என் அச்சுப்பொறியில் சிவப்பு மை தீரும் தறுவாய்.
ஆபத்து வெளிறிய ரோஜா நிறத்தில் வெளியே வந்தது.

நான் வானிலைப் பதிவாளர்.
ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு காற்றுக்காட்டி, மூன்று பனிக்கம்புகள்.
மைனஸ் முப்பத்தொன்பதில் பாதரசம் கட்டியாகிவிடும்;
அதற்குக் கீழே சாராய வெப்பமானிதான் பேசும்.
"குளிர் தாங்காமல் உன் கருவியும் குடிக்கிறது" என்பார் கொம்போஜாவ்.

அவர் கூடாரத்துக்கு மோட்டார் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர்.
செரெந்துலாம் உப்புத் தேநீர் ஊற்றினாள்.
தாளை விரித்தேன்.
நிச்சயமா, என்றார்.
இப்படிப்பட்ட குளிர்காலம் பத்து வந்தால்
ஏழில் கால்நடை சாகும், என்றேன்.
மீதி மூன்றில்?
மீதி மூன்றில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

அவர் சிரிக்கவில்லை.
"இதே தாள் எல்லோர் வீட்டுக்கும் போகிறது.
எல்லோரும் விற்க வந்தால் ஆடு என்ன விலைக்குப் போகும்?"
அந்த இடத்தில்
என் வரைபடத்தில் நிறமே இல்லை.

ஐந்தாம் நாள் லாரி வந்தது.
வாயைத் திறந்து, விரல் விட்டு, பல் தேய்ந்ததா பார்த்து
நூற்றுப் பதினான்கு உருப்படிகளைப் பாதி விலைக்கு ஏற்றினார்.
கிடைத்ததில் அறுபது கட்டு வைக்கோல்.
கிளம்பும்போது அவர் வாசலில்
சென்டிமீட்டர் கீறிய ஒரு கம்பை நட்டேன்.
வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்றுதான்.

ஜனவரியில் கணவாய்க்கு அப்பால் பனி உருகி, மறுநாளே உறைந்தது.
இரும்பு ஜுட்.
கண்ணாடிக்கு அடியில் புல் தெரிகிறது; குளம்பு அங்கே போய்ச் சேரவில்லை.
முன்பே விற்றவர்களின் மிச்ச மந்தை வைக்கோல் மென்றது.
விற்காதவர்களின் மந்தை நின்றபடியே
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விறைத்தது.

கணவாய்க்கு இப்பால், கொம்போஜாவின் பள்ளத்தாக்கில்
காற்று தினமும் பனியைப் பெருக்கித் தள்ளியது.
புல் திறந்தே கிடந்தது.
ஓர் ஆட்டையும் விற்காத பக்கத்துக் கூடாரத்து தாஷ்ன்யாம்
வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு
கொழுத்த செம்மறி வாலோடு அவர் வீட்டுக்கு வந்தாராம்.
நான் போகவில்லை.
காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.
வெப்பமானியைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை நான் பொய் சொன்னதில்லை;
அதனிடமும் ஒரே ஒரு முறை, அதிகாலையில், தூக்கத்தில்.

மார்ச் நடுவில் அவரே வந்தார்.
திட்டவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டை மேசையில் போட்டார்.
நாலு. மூன்று. மூன்று. பூஜ்யம். காற்று.
பூஜ்யம். ஓநாய். இரண்டு.
"உன் சிவப்புக்கு எங்கள் பள்ளத்தாக்கு தெரியாது."

உண்மை.
அந்த வரைபடத்தின் ஒரு சதுரத்துக்குள்
இரண்டு பள்ளத்தாக்கும் ஒரு கணவாயும்
நூற்றுப் பதினான்கு ஆடும் அடங்கிவிடும்.

நூற்றைம்பது நாளையும் தட்டச்சு செய்து அனுப்பினேன்.
ஓநாயை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.
பதில் வந்தது:
பயனுள்ள தரவு. கருவி எது, பதிவாளர் யார்?

கம்பு, என்று எழுதினேன்.
கொம்போஜாவ், என்று எழுதி நிறுத்தினேன்.
நோட்டை மறுபடி புரட்டினேன்.
டிசம்பருக்குப் பிறகு எண்கள் சிறுத்து, நேராகி,
மூன்றின் வால் சுருண்டிருந்தது. வேறு கை.

செரெந்துலாம் இன்றுவரை என்னிடம் பேசவில்லை.
அவள் பெயரையும் சேர்த்தேன்.