நல்ல தண்ணி

ஸ்டிரைக்கு தொடங்கிப் பதினோராம் நாள்.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சும்மா நின்றன.
நானும் நின்றேன், அடுப்படி வாசலில்.

"நிக்கிற நேரத்துக்கு ஒரு சாம்பார் வைக்கலாம்ல"
என்றாள் பிரகாசி.
நெற்றியில் ஏற்றிவிட்ட தண்ணீர்க் கண்ணாடி,
இடுப்பில் சாக்கு,
பாசிக்குப் போகிற அவசரம்.

வைத்தேன்.
குக்கர் ஒன்பது முறை கத்தியது.
திறந்து பார்த்தால்
ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக
முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது,
எங்கள் சங்கக் கூட்டம் மாதிரி.

"எந்தத் தண்ணிய ஊத்துனீக?"
"கிணத்துத் தண்ணி."
அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்தது.

எங்கள் கிணறு கடலுக்குப் பங்காளி.
குளிக்கலாம், சட்டி கழுவலாம்,
பருப்பு மட்டும் அதை நம்பி வேகாது.
எனக்கு வாடை திரும்பும் நேரம் தெரியும்,
பாறை கிடக்கும் இடம் தெரியும்,
எங்கள் வீட்டில்
எந்தக் குடம் உலைக்கு, எந்தக் குடம் காலுக்கு என்று
அன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் நம்புவின் வண்டியை மறித்து
குடம் பதினைந்து ரூபாய் என்று
இரண்டு குடம் நல்ல தண்ணி வாங்கினேன்.
இந்த முறை வடை.
கடலைப்பருப்பு இரண்டு மணி நேரம் ஊறியது.
ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தேன்,
மீதியை ஒன்றிரண்டாக அரைத்தேன்.
சோம்பு, பூண்டு, வேலியோரத்து முருங்கைக்கீரை,
ஆட்டினால் கிலுகிலுக்கும் முண்டு மிளகாய் எட்டு.
எட்டு அதிகம். பிறகுதான் தெரிந்தது.

முதல் வடை
கண்ணி அறுந்த வலைபோல எண்ணெயெங்கும் பிரிந்தது.
இரண்டாவது கருகியது.
மூன்றாவதைச் சுடும்போது
உள்ளங்கையில் வைத்து நடுவில் லேசாக அமுக்கினேன்,
ஓரம் முரமுரவென்று தங்க நிறத்தில் வந்தது.
யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது,
நாய்தான் இருந்தது.

மூன்று மணிக்கு வந்தாள்.
தலைமுடியெல்லாம் உப்பு.
கஞ்சிப்பாசிச் சாக்கை முற்றத்தில் சாய்த்துவிட்டு
நின்றபடியே ஒன்றைப் பிட்டுத் தின்றாள்.
இன்னொன்று.
"உப்பு ரெண்டு தடவ போட்டீகளா?"
"ஒரு தடவதான்."
"அப்ப என் நாக்குல கடல்" என்றாள்.

"நாளைக்கு மாவு நீ பிசைஞ்சு குடு,
எனக்குப் பதம் பிடிபடல."

பதில் சொல்லாமல்
விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்,
ஒவ்வொன்றாக.
பாறை கிழித்த கோடுகள்.
தண்ணீரில் ஊறி
மீன் செவுள்போல வெளுத்துத் திறந்திருந்தன,
சில பழையவை, சில காலையில் வந்தவை.
"மிளகா ஏறும்ங்க" என்றாள்,
மழை வரும் என்பதுபோல.

பத்தொன்பது வருடமாக
இந்த வீட்டில் துவையல் இருந்திருக்கிறது.

நான் எண்ணெயை மறுபடி சூடாக்கினேன்.
வேறென்ன செய்ய?
அவள் தேங்காயெண்ணெய் தடவிய கையை
வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
"ராக்கும் செய்யதம்மாவும் நாளைக்குக் கேப்பாக.
இருபதாச் சுடுங்க. மிளகா நாலு போதும்."
"உனக்கு எப்படித் தெரியும் கேப்பாகன்னு?"
"நான் சொல்லுவேன்ல."

இருபது, அப்புறம் இருபத்தைந்து.
வெள்ளிக்கிழமை வாழைப்பூ கிடைத்தது, அதையும் போட்டேன்.
நரம்பு எடுக்கணும் என்று யாரும் சொல்லவில்லை.
செய்யதம்மா சொல்லியனுப்பினாள், சாப்பிட்ட பிறகு.

சனிக்கிழமை டோக்கன் கொடுத்தார்கள்.
விடியும் முன்பே எழுந்து
இருபத்தைந்துக்கான மாவைப் பிசைந்து
சம்படத்தில் அழுத்தி மூடினேன்.
தட்டிப் போடுவதை நம்புவின் மனைவி பார்த்துக்கொள்வாள்,
நேற்றே பேசிவிட்டேன்,
ஆறு வடை அவள் வீட்டுக்கு.

பாலம் தாண்டி, கரை மங்கி,
ஸ்டியரிங்கைப் பிடித்த கை
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
உப்புக்காற்றில் கண் கரித்தது.
தேய்க்காமல் ஓட்டினேன்.