பச்சை இழுப்பறை

விரல்கள் மரத்துப்போகும் ஜூலைக் காலை.
ஹோபார்ட்டின் மலைமேல் பனி உட்கார்ந்திருக்கிறது.
மரக்கடையில்
டாஸ்மேனிய ஓக், மீட்டர் என்ன விலை என்று கேட்டேன்.
பதில் வந்ததும்
கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

நான் தச்சு தொடங்கி மூன்று மாதம்.
இதுவரை முடித்தது ஒரு முக்காலி.
தொடங்கும்போது அதற்கு நான்கு கால்கள்.

எனவே குப்பைமேட்டுக் கடை.
ஊர் எறிவதில் உருப்படியானதைப் பொறுக்கி விற்கும்
தகரக் கொட்டகை.
காலைச் சுற்று முடிந்து பஸ்ஸை நிறுத்தியதும்
சீருடையோடே போய்விடுவேன்.
கல்லாவில் ராஸ்கோ, காலடியில் அவன் நாய்.
"வா ட்ரூடி, உன் விறகு வந்திருக்கு."

என் கண் மாறிவிட்டது.
கட்டில் என்று மற்றவர் சொல்வது
எனக்கு ஆறு சட்டம், இருபத்திரண்டு திருகாணி.
சரக்குப் பலகைகளைப் புரட்டி
முத்திரை தேடுகிறேன்:
சூட்டில் வாட்டியதா, மருந்து குடித்ததா.
மருந்து குடித்ததை வீட்டில் சேர்ப்பதில்லை.
பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமும்
முகத்துக்கு முன் கைத்தடியைப் பார்க்கிறேன்.
ஒருவர் சிரித்தார், நான் அதற்கு
பீச் மரம் என்று பதில் சொன்னேன்.

இன்று,
உடைந்த சலவை இயந்திரத்துக்குப் பின்னால்
ஓர் இழுப்பறை. மேசை இல்லாமல் தனியாக.
பச்சைப் பெயிண்ட், அதன்மேல் இன்னொரு பச்சை.
கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை.
சீட்டில் ராஸ்கோவின் கிறுக்கல்: 2 டாலர்.

பெயிண்ட் உரிந்த மூலையில்
மஞ்சள்.
குனிந்து முகர்ந்தேன்.

ஹியூவான் பைன்.

மேற்கே, மழை விடாத ஆற்றங்கரைகளில்
ஓர் ஆண்டுக்கு ஒரு நகக்கீறல் அளவே பருக்கும் மரம்.
நிற்கிறதை இன்று யாரும் வெட்ட முடியாது.
என் கையில் இருந்த பலகைக்கு
நானூறு வயதாவது இருக்கும்,
அதில் யாரோ காலுறை வைத்திருந்திருக்கிறார்கள்.

சொல்லியிருக்கலாம்.
வாய் திறந்து, "குளிர் அதிகம்" என்றேன்.
இரண்டு டாலர் கொடுத்தேன்.
நாய்த் தீனி உண்டியலில் பத்தைத் திணித்தேன்,
அது கேட்காத கேள்விக்கு.

வீட்டில், மாஸ்க் கட்டி
ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தேன்.
மஞ்சள் மெல்ல மேலே வந்தது.
பென்சிலால் கோடு போட்டேன். அழித்தேன்.
ரம்பத்தை எடுத்தேன். வைத்தேன்.
அலமாரியாக வேண்டிய பலகைமுன்
பரீட்சைக்குப் படிக்காதவள்போல் நின்றேன்.

பிறகு சரக்குப் பலகையை இழுத்துப் போட்டு அறுத்தேன்.
அது கோணியது.
இன்னொன்றை அறுத்தேன், அதுவும்.
மூன்றாவது, கொஞ்சம் குறைவாக.
ஒரு காசும் பெறாத மரம்
என்னை முறைத்துப் பார்க்கவில்லை.
மலிவு என்பதன் பொருள்
அப்போதுதான் கைக்குப் பிடிபட்டது:
தப்புக்கு இடம் கொடுக்கும்.

இழுப்பறை இழுப்பறையாகவே இருக்கிறது.
உள்ளே திருகாணிகள், வளைந்த ஆணிகள்,
உப்புத்தாள் துண்டுகள்.
திறக்கும்போதெல்லாம் மூக்குக்கு ஒரு திருவிழா,
நெஞ்சில் ஒரு சிராய்.

மறுநாள் ஆறு நாற்பதுக்கு
மூன்றாவது நிறுத்தத்தில் ராஸ்கோ ஏறினான்.
அட்டையைத் தட்டினான்.
என் சட்டைக் கைப்பக்கம் மூக்கை நீட்டி
ஒரு மூச்சு இழுத்தான்.

"பச்சை இழுப்பறையா?"

கதவை மூட மறந்தேன்.

"நாய்க்கு நேத்து நல்ல சாப்பாடு" என்றபடி
பின்னிருக்கைக்குப் போய்
ஜன்னலோரம் அமர்ந்துவிட்டான்.