நாலு தையல் போதும்

லாரன்ஸ் ரோட்டில் அந்த பிரேம் கடை.
சுவர் முழுக்க மாலைக்குக் காத்திருக்கும் முகங்கள்.
பொட்டு வைக்க வாகாகத்
துடைத்து நிறுத்திய கண்ணாடிகள்.

பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தேன்.
இரண்டு உள்ளங்கை சேர்த்தால் மறைந்துவிடும் சட்டை.
பொத்தான் கிடையாது, முன்பக்கம் நாடா.
அதிலும் ஒன்று அறுந்திருக்கிறது.
கழுத்தோரம் மஞ்சளாக ஒரு கறை,
வசம்போ, கக்கிய பாலோ.

கடைக்காரர் இஞ்சு டேப்பைத் தொடவில்லை.
என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்,
குரலை இறக்கிக்கொண்டு
"எத்தனை மாசத்துலங்க?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று புரிவதற்குள்
விருத்தாசலம் பஸ் ஒன்று
முழுசாகக் கடந்து போனது.

வாசலில் கரும்புச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தவளைக் காட்டினேன்.
"அதோ நிக்குதே, அதுதாங்க. ஒன்பதாவது படிக்குது."
அவருக்கு மூச்சு வந்தது,
பின்னாடியே கோபமும்.
"உசுரோட நிக்கிற புள்ள துணிய
யாரும்மா கண்ணாடிக்குள்ள போடுவா?"

வாஸ்தவம்தான்.
எங்கள் பக்கம் கண்ணாடிக்குள் போகிறவர்கள்
சாமி, செத்தவர், கட்சித் தலைவர்,
அப்புறம் டிகிரி சர்டிபிகேட்.

இது செந்தாமரைக்கண்ணனுக்கு வந்த ஆசை.
புதுச்சேரியில் மேனேஜர் வீட்டு ஹாலில்
விரல் நீள ஹேங்கர்களில்
குல்லா, காலுறை, கவுன் என்று தொங்குமாம்.
வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்று சிரிப்பார்களாம்.
நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்றேன்.
ஒன்று போதும் என்றார்.

"பின்னாடி அட்டையில ஒட்டிடவா?"
"வேணாம். தைங்க. நாலு தையல் போதும்."
"ஒட்டினாத்தான் நிக்கும்."
"திருப்பிக் கேட்டு வந்தா கழட்டிக் கொடுக்கணுமே."
இவர் திரும்பினார். "யாரு கேட்டு?"

பதின்மூன்று வருஷம் சொல்லாததை
ஒரு பிரேம் கடையில் சொன்னேன்.

தானே அடித்த விடியல்.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போய்,
துவைத்து மடித்து வைத்திருந்த பழந்துணிப் பை
தண்ணீரில் மிதந்தது.
நீ மெழுகுவத்தி தேடிப் போயிருந்தாய்.
வெறும் உடம்போடு இது நடுங்க,
பதினேழாம் கட்டில்காரி எழுந்து வந்தாள்.
அவளுடையது இரண்டு நாள் மூத்தது.
அதன் மேலிருந்தே கழற்றி
இதற்குப் போட்டு நாடாவை முடிந்தாள்.
"நாலு புள்ள போட்ட சட்டை, நாலும் நல்லாருக்கு" என்றாள்.
சூடு இருந்தது துணியில்.

நான் அசந்து விழிப்பதற்குள்
கட்டில் காலி.
படகு போய்விட்டதாம்,
சோனங்குப்பத்திலிருந்து ஆள் வந்து
அழைத்துப் போய்விட்டார்களாம்.
பெயர் கேட்கவில்லை.
ஒரு தடவை முதுநகர் மார்க்கெட்டில்
மீன் கூடைக்குப் பின்னால் ஒரு முகம் பார்த்து நின்றேன்.
"என்னா மீனு வேணும்?" என்றாள்.
சங்கரா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

கரும்புச்சாறு டம்ளரோடு உள்ளே வந்திருந்தாள் என் பெண்.
எவ்வளவு கேட்டாளோ தெரியாது.
சட்டையைத் தொடாமல் குனிந்து பார்த்து
"அப்ப அந்தப் பாப்பாவுக்கு
என்ன போட்டாங்க?" என்றாள்.

கடைக்காரர் டேப்பை எடுத்தார்.
பத்துக்குப் பன்னிரண்டு,
தேக்குக் கலர், ஆணிக்குப் பதில் ஸ்குரூ.
மாலைக் கொக்கி வேண்டாம் என்று
அவராகவே பிடுங்கிப் போட்டார்.

இப்போது இன்வெர்ட்டருக்கு மேலே இருக்கிறது.
வருகிறவர்கள் "அய்யோ, இவ்வளவூண்டா இருந்தாளா" என்கிறார்கள்.
ஆமாம் என்கிறோம்.
அவள் மட்டும், தோழிகள் வந்தால்,
"அது என்னோடது இல்ல" என்கிறாள்,
பெருமையாகவா வெட்கமாகவா
எனக்குப் பிடிபடவில்லை.

ஐப்பசி வந்ததும் உப்புக்காற்றில்
கண்ணாடி உள்பக்கம் வேர்க்கிறது.
இவர் மாதம் ஒருமுறை திறந்து,
துடைத்து, மூடுகிறார்.
ஸ்குரூடிரைவர் பிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது.