இறங்கு ஏலம்

முதுநகர் துறைமுகத்தில் விடியுமுன்
என் வாயில்தான் வஞ்சிரத்துக்கு விலை ஏறும்.
எண்ணூறு, எண்ணூற்றம்பது, தொள்ளாயிரம்.
ஒரு தரம் சொல்லி மூச்சு வாங்கினால்
நாக்கில் துருப்பிடித்த ஆணி ருசி.
துப்பினால், ஐஸ் உருகிய தண்ணீரில் சிவப்பு.
மீன் ரத்தத்தோடு போய்விடும்,
யாருக்கும் தெரியாது.

நாற்றமும் அப்படித்தான்,
கூடைகளுக்கு நடுவே நிற்கும்வரை.
வீட்டில் தேசப்பன்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்து
இரண்டு வருஷம்.
நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு
மற்ற பக்கம் தேய்ப்பேன்.
புண்ணைத் தொடாமலிருந்தால் ஆறும் என்றுதானே
யாரும் நினைப்பார்கள்.

மஞ்சக்குப்பத்தில் டாக்டர் ரஹ்மத்நிஷா
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே
மெல்லிய கம்பியை இறக்கி இறக்கி எண் சொன்னார்.
பிரிசில்லா எழுதிக்கொண்டாள்.
நாலு. நாலு. அஞ்சு.
ஆறு.
கீழ்க் கடைவாயில் ஏழு.
எண் ஏறினால் குளிர்ந்துபோகிற ஜென்மம் நான்.
அன்றைக்கு வாயைத் திறந்தபடியே
யாராவது மூணு தரம் சொல்லி
முடித்துவிட மாட்டார்களா என்றிருந்தது.

"இது போயிடுமா?"
"போகாதும்மா. அடக்கி வைக்கலாம்.
ரத்தம் வர்ற இடத்தத்தான் நீங்க தேய்க்கணும்."

நாலு முறை உட்காரவைத்துச் சுரண்டினார்.
படகடியில் ஒட்டிய கொட்டலசு மாதிரி
கல் கல்லாக வந்தது.
வீங்கிய ஈறு வற்றியபின்
பல்லுக்குப் பல் சந்து.
'சங்கரா' என்று கூவினால் காற்று கசிகிறது,
லோடு ஏற்றும் பையன்கள் சிரிக்கிறார்கள்.
அந்தச் சந்துகளுக்கென்று ஒரு பிரஷ்,
பால்புட்டி கழுவுவதன் குட்டி.
கருவாட்டு முள்ளைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

உப்பனாற்று வாயில் மணல் வாருகிறார்கள்.
வாரின மறுநாளே
கடல் கொண்டுவந்து போட ஆரம்பிக்கிறது.
அதற்காக யாரும் படகை விற்றுவிடவில்லை.
மீன் எடுக்காத நாளிலும், காய்ச்சல் நாளிலும்,
கண் சொருகும் ராத்திரியிலும்
கண்ணாடி முன்னால் கால் மணி நேரம்.
சில நாள் எரிச்சலில் பிரஷ்ஷை எறிந்திருக்கிறேன்.
எடுத்துக் கழுவியுமிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கம்பி.
மூணு. மூணு. நாலு. மூணு.
கேட்கக் கேட்க
தொண்டையில் என் ஏலம் தலைகீழாக ஓடியது.
கடைவாயில் மட்டும் பார்ட்டி மசியவில்லை.

ராத்திரி விளக்கை அணைத்தேன்.
தேசப்பன் சுவர்ப்பக்கம்தான்.
தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.
"அந்தக் கடைசிப் பல்லு?"
"ஆறு."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"ஏழுல்ல இருந்துச்சு" என்றார்,
சுவரைப் பார்த்தபடியே.