நான்காம் கட்டம்

அல்மெரியாவில் வெயில் தரையிலிருந்து மேலே வருகிறது.
மலையடி தொட்டுக் கடல்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள்.
உள்ளே தக்காளி சொகுசாகப் பழுக்கிறது.

காரின் பின்பெட்டியில் எப்போதும் ரப்பர் பூட்ஸ் கிடக்கும்.
மழை பெய்தால் தெனெபாவின் வீட்டுக்கு
அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.
வீடென்று நான் சொல்வது
கழித்துப்போட்ட கூடாரத் தாள்,
சரக்குப் பலகைகள் நான்கு,
பூச்சிமருந்து வாடை போகாத கயிறு.

ஊர்ப்பதிவு இருந்தால் சிராவுக்கு மருத்துவ அட்டை.
அட்டை இருந்தால் இன்ஹேலர்.
பதிவுக்கு முகவரி வேண்டும்.
நான்காம் கட்டம்: தெரு, எண், மாடி, கதவு.

"மாடியா?" என்றாள் தெனெபா.
இருவரும் சிரித்தோம்.
சிராவும் சிரிக்கப் போய், இருமினாள்.

எழுதினேன்:
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செத்த வேனைத் தாண்டி
மூன்றாவது. கதவுக்குப் பதில் பச்சைப் போர்வை.
எழுத்து கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

நகராட்சியில் எலாதியோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது வழி. முகவரி இல்லை."
"வழி இருக்கிறதல்லவா?" என்றேன்.
மோசமான மனிதரில்லை.
என் பேனாவை மூடித் திருப்பித் தந்தார்.

திரும்பும்போது முன்னால் ஒரு லாரி.
ஒவ்வொரு தக்காளிப் பெட்டியிலும் ஒட்டியிருந்தது
பண்ணைப் பெயர், சாலை, அஞ்சல் எண்.

மூன்று கடிதம். ஒரு மேல்முறையீடு.
"உறுதி எதுவும் தந்துவிடாதே" என்பார் மேலாளர்
திங்கள்தோறும்.
தரவில்லை.
என் மகனின் பழைய இன்ஹேலரைத் தந்தேன்.
அதைக் கோப்பில் எழுதவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு குடிசைகள் பற்றிக்கொண்டன.
பிளாஸ்டிக் எரிந்தபடியே ஒழுகும்,
முதன்முறை பார்த்தேன்.

விளையாட்டுக் கூடத்தில் மடக்குக் கட்டில்கள்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் தெனெபா.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கட்டில் எண் கேட்டேன்.
தொழில் பழக்கம்.

மறுநாள் பதில் வந்தது.
மனு ஏற்கப்பட்டது.
குறிப்பிட்ட இடத்தை
வியாழக்கிழமை ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார்.

இரண்டு முறை படித்துக் காட்டினேன்.
தெனெபா பின்னலை விடவில்லை.

தொட்டி இருக்கிறது. வேன் இருக்கிறது,
அது முன்பே செத்தது.
மூன்றாவதை எண்ண
ஒன்றும் இரண்டும் இல்லை.

"நானும் வருவேன்" என்றாள் சிரா.
"போர்வை எங்கே தொங்கியதென்று
உனக்குச் சரியாகத் தெரியாது."